கித்தேயின் கால்வலி

"கோச், இடது கால்ல பயங்கர வலி. இன்னிக்கு ஒலிம்பிக் அரையிறுதியில என்னால சறுக்க முடியாது" என்றான் கித்தே. கொரியப் பனிச்சறுக்கு ரிலே அணியின் நட்சத்திரம் அவன்.

பயிற்சியாளர் பியோவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"காலையில பறந்தியேடா!"

"அப்புறம்தான் கோச் சுளுக்கிடுச்சு."

"தோத்துட்டா ஊரே என்னைத்தான் காறித் துப்பும், உன்னையில்ல!"

போன ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதிலிருந்தே பயலுக்குத் தலைக்கனம் என்று பியோ நினைத்தார். வேறு வழியின்றி மாற்று வீரன் சாங்வுக்கை இறக்கினார்.

நூலிழையில் அணி இறுதிக்குத் தகுதிபெற்றது. பியோ திரும்பிப் பார்த்தார். தடுப்புக்குப் பின்னால் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்த கித்தே, அவரைக் கண்டதும் நொண்டினான்.

"இடது கால்னு சொன்னே. இப்ப வலது கால்ல நொண்டுற?"

கித்தே குரலைத் தாழ்த்தினான். "சாங்வுக் அடுத்த மாசம் கட்டாய ராணுவ சேவைக்குப் போகணும் கோச். ஒலிம்பிக் பதக்கம் வாங்கினா போக வேண்டாம். எனக்கு ஏற்கெனவே விலக்கு இருக்கு. அவன் ஒரு சுற்றாவது சறுக்கினாத்தானே, நாம ஜெயிச்சா அவனுக்கும் பதக்கம்?"

பியோவும் இருபத்தாறு வயதில் பனியை விட்டு ராணுவத்துக்குப் போனவர்தான். திரும்பி வந்தபோது அணியில் அவருடைய இடத்தில் வேறொருவன் இருந்தான்.

"நாளன்னிக்கு இறுதிப்போட்டி" என்றார். "அதுக்குள்ள கால் சரியாகணும்."

"எந்தக் கால் கோச்?"

"ரெண்டும்டா!"