பேஸ் இல்லாத வால்ட்ஸ்

சவுண்ட் மேசையில் அவன் பேஸைக் கொஞ்சம் குறைத்தான்.

அரை விரல் அளவு. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. கிளப் ஹாலில் ஒன்பது ஜோடிகள் ஆடிக்கொண்டிருந்தன. எட்டைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

ஒன்பதாவது ஜோடியில் அவன் மனைவி ஜெசிந்தா. வலக்கை ராய்ஸ்டனின் கைக்குள். இடக்கை ராய்ஸ்டனின் தோளில்.

வால்ட்ஸ் நடனத்துக்கு மூன்று எண்ணிக்கை. முதல் எண்ணிக்கையைச் சொல்வது பேஸ் என்கிற அந்தக் கனத்த ஒலி. மரத்தரை வழியாக அது உள்ளங்காலுக்கு ஏறும். காதுக்கு முன்பே காலுக்குக் கேட்டுவிடும். அதற்காகத்தான் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையிலிருந்து இறக்கித் தரையோடு வைத்திருந்தான்.

ஜெசிந்தாவுக்காக.

ஆடக் கற்றுக்கொண்ட புதிதில் அவளுக்கு எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து அழுவாள். ராய்ஸ்டன் ஒன்றும் சொல்லவில்லை என்பாள். ராய்ஸ்டன் பொறுமைசாலி என்பாள்.

ராய்ஸ்டனை அவளுக்கு ஜோடியாகப் பேசி வைத்தது அவன்தான். சவுண்டை விட்டு அவனால் இறங்க முடியாது. யாராவது வேண்டுமே.

இப்போதெல்லாம் அவள் அழுவதில்லை.

ராய்ஸ்டனின் பெயரையும் சொல்வதில்லை.

பேஸை இன்னும் குறைத்தான்.

வயலின்கள் மட்டும் மேலே மிதந்தன. தரை செத்துவிட்டது. ஒரு ஜோடி தடுமாறியது. அடுத்த ஜோடி அதன்மேல் இடித்தது. யாரோ யார் காலையோ மிதித்தார்கள். கிளப் செயலாளர் சேவியர் பாதியில் நின்று அவன் மேசையைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், பாட்டு போடுறியா, கொசு விடுறியா?"

சிரிப்பு.

ஜெசிந்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கண்கள் மூடியிருந்தன. ராய்ஸ்டனின் நெஞ்சு மூச்சில் உயர்ந்தது. அவள் பாதம் பின்னால் நகர்ந்தது. சரியாக முதல் எண்ணிக்கையில்.

ஒரு தடவை தப்பட்டும். ஒரே ஒரு தடவை. கண்ணைத் திறந்து அவனைத் தேடட்டும்.

தப்பவில்லை.

மொத்த ஒலியையும் கீழே இழுத்தான்.

எட்டு ஜோடிகள் நின்றன.

ஹாலில் நான்கு பாதங்களின் சத்தம் மட்டும். காலணித் தோல் மரத்தில் உரசியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னலோரம் வரை போனார்கள். திரும்பினார்கள். அவள் பாவாடை மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

யாரும் இருமவில்லை.

பிறகு யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

"அடப்பாவி, இதுக்குத்தானா!" என்றார் சேவியர். "பொண்டாட்டி ஆட்டத்தக் காட்ட என்னமா ப்ளான் பண்ணியிருக்கான் பாரு!"

ஜெசிந்தா கண்ணைத் திறந்தாள். மூச்சு வாங்கியபடி சிரித்தாள். அந்தச் சிரிப்போடு மேசைப் பக்கம் திரும்பினாள்.

அவன் முகத்தைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

அவள் கை ராய்ஸ்டனின் தோளிலிருந்து இறங்கியது. பாதி வழியில் நின்றது.

கைதட்டல் ஓய்ந்தது.

அந்தக் கை மெல்ல மேலே போய், பழைய இடத்தில் அமர்ந்தது.

"போடுங்க," என்றாள்.

அவன் விரல் பேஸைத் தொட்டது. எவ்வளவு வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.