கயிற்றை வெட்டாதே

வெள்ளைக்காரரின் பேரரசு தினத்துக்கு முதல்நாள் சாரணப் பையன்கள் வெள்ளவத்தைக் கடற்கரையைத் துப்புரவாக்கினார்கள். ரயில் பாதையோரம் ஆளில்லாமல் நின்ற சாக்குக் குடிசையைச் சாரண மாஸ்டர் கைகாட்டினார்.

"இந்தக் குப்பையையும் அகற்றுங்கோ. நாளைக்குத் துரைமார் வருவினம். திறமாய் வேலை செய்யிறவனுக்குப் பதக்கம் இருக்கு."

கயிற்று முடிச்சுகள் இறுகிக் கிடந்தன. றவூப் என்ற பையன் கத்தியை எடுத்தான்.

"கயித்த வெட்டாதடா" என்று சங்கிலி என்ற இன்னொரு சாரணப் பையன் அவன் கையைப் பிடித்தான். பிறகு ஒவ்வொரு முடிச்சையும் தானே அவிழ்த்தான். ஐந்து நிமிடத்தில் குடிசை சரிந்தது.

மாஸ்டர் அவன் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார்.

"கெட்டிக்காரன். இந்த முடிச்செல்லாம் அவிழ்க்க ஆரிட்டப் பழகினனீ?"

"நான் கட்டுனதுதான் சார். பதக்கம் வேணாம், கயித்தக் குடுங்க. அம்மா வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள வேற எடத்துல கட்டணும்."