மைதாப் பசைக் கொம்பு

செவலை என்ற வெள்ளாட்டுக்குக் கொம்பே முளைக்கவில்லை. தீவனத் தொட்டிப் பக்கம் போனாலே மற்ற ஆடுகள் முட்டித் தள்ளிவிடும். தினமும் முட்டுப்பட்டு அலுத்துப்போன செவலை, ஒருநாள் மேயப் போகாமல் பழைய செய்தித்தாளைச் சுருட்டி, மைதாப் பசை தடவி, இரண்டு கொம்புகள் செய்து மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் அதைப் பார்த்ததும் ஆடுகள் மிரண்டு விலகின. கரியன் என்ற கிடா மட்டும் கிட்டே வந்து மோந்து பார்த்தது. ஒரு கொம்பைக் கடித்து மென்றது. மற்ற ஆடுகள் சிரித்தபடி மறுபடி தொட்டியை அடைத்துக்கொண்டன.

“ருசியா இருக்கே! இன்னொண்ணையும் தின்னட்டுமா?” என்றது கரியன்.

செவலை அப்படியே படுத்துவிட்டது.

“எனக்கு எட்டாதுண்ணே. நீங்களே பிச்சு, பாதியை எனக்குக் குடுங்க. காலையிலிருந்து பட்டினி.”