இரைச்சல் நீக்கம்

அண்ணன் இறந்த பிறகு எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தை நான் மட்டும் நடத்தினேன். முதலில் வந்தது ஒரு விளம்பரம். குரல் கொடுக்க வந்த அக்கா பேசிய ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் இருமல் பதிவாகியிருந்தது.

“நான் இல்ல தம்பி. உன் ரூமுக்குத்தான் சளி பிடிச்சிருக்கு!” என்று அவர் சிரித்தார்.

அது அண்ணனின் இருமல். கடைசி மாதங்களில் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

விளம்பரத்தை உடனே அனுப்ப வேண்டியிருந்தது. எது இரைச்சல் என்று பதிவில் ஒரு துண்டைக் காட்டிவிட்டால் கம்ப்யூட்டர் அதைப் போன்ற எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஏசி சத்தத்தை அப்படித்தான் நீக்குவோம். கை கூசியது. ஆனாலும் அந்த இருமலைக் காட்டிப் பொத்தானை அழுத்தினேன். பதிவு சுத்தமானது.

வீட்டுக்குப் போனதும் அம்மா தன் போனை நீட்டினாள். அவளும் அண்ணனும் சமையலறையில் அரட்டை அடித்த பழைய பதிவு அதில் இருந்தது. தினமும் கேட்பாள்.

“பெரியவன் பேசுறது கேக்கவே மாட்டேங்குதுடா. நீ சவுண்டுக்காரன்தானே, கொஞ்சம் ஏத்தி வை.”

எதைத் துடைத்தேன் என்பதை அவளிடம் மறைத்தேன். சத்தத்தை முழுவதும் ஏற்றினேன். பாத்திரங்கள் உருளும் ஓசை தெளிவாகக் கேட்டது. பிறகு நீண்ட மௌனம். அது முடிந்ததும், பதிவிலிருந்த அம்மா, “போடா போக்கிரி!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.