புகை இருந்த காலத்துப் படம்

ஆலங்குடியில் முந்திரிக்கொட்டை வறுக்கும் பிச்சையின் கொட்டகையில், தொண்டு நிறுவனம் வைத்துக்கொடுத்த புகையில்லா அடுப்பு எரிகிறது. கூரைக்கு மேலே புதுக் குழாயை ஒட்டி ஒரு காக்கை நிம்மதியாக அலகைத் தீட்டுகிறது. நிறுவனத்திலிருந்து வந்த காவ்யாவுக்குத்தான் முகம் வாடிக் கிடக்கிறது. அடுப்பு வருவதற்கு முன்பிருந்த புகையைப் படம் எடுக்க அவள் மறந்துவிட்டாள். அந்தப் படம் இல்லாவிட்டால் மற்ற பத்துக் கொட்டகைகளுக்கு அடுப்பு கிடையாது என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. "அதுக்கென்னங்க மேடம்" என்று பிச்சை, மூலையில் கிடக்கும் பழைய அடுப்பில் பச்சைத் தென்னை மட்டையைச் செருகி ஊதுகிறார். புகை சுருண்டு எழுந்து, காக்கையை விரட்டி, வெயிலை மங்கவைத்து, வேலிக்கு அங்கிட்டுக் காயும் வெள்ளை வேட்டிகளின் மேல் சாவகாசமாகப் படிகிறது. பத்து வருஷமாக இந்தப் புகைக்காகச் சண்டை போட்டு, பத்து நாளாகத்தான் ஓய்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் ஈரக் கையோடு ஓடி வருகிறாள். "இனிமே பொகையே வராதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணுனியே, நீயெல்லாம் வெளங்குவியா?" இருமலுக்கு நடுவே காவ்யாவின் முகம் மலர்கிறது. செல்போனை உயர்த்துகிறாள். "அக்கா, அப்படியே நில்லுங்க. அந்தக் கோவம் மட்டும் கொறையாம பாத்துக்கங்க."