வாத்து நடை

தோர்பெனைக் குடியிருப்பை விட்டுத் துரத்துவது என்று முடிவாகிவிட்டது. கை தூக்குவதுதான் பாக்கி. அதற்கு முன் காபியும் பன்னும். எங்கள் வீபோர் ஊரில் அது இல்லாமல் யாரையும் துரத்துவதில்லை.

குற்றம் இதுதான். எங்கள் குட்ரூன் பாட்டிக்கு எண்பது நெருங்குகிறது. இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். காலையில் பேக்கரிக்குக் கிளம்பினால், பின்னாலேயே தோர்பென். அதே சாய்வு. கூடுதலாகப் பின்பக்கத்தை வேறு ஆட்டுவார்.

"தெருவே சிரிக்குதுய்யா!" சங்கத் தலைவர் கார்ஸ்டன் மேசையைத் தட்டினார்.

"வேலைக்குத்தான்," என்றார் தோர்பென். குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் பண்ணுகிறவர். "அடுத்த கதையில ஒரு வாத்து வருது. நடையைப் பிடிக்கணும்."

"ஏரியில அத்தனை வாத்து கிடக்கே!"

"அதுங்களுக்கு இடுப்பு நல்லாருக்கே."

"வெட்கமா இல்ல? பாவம், ஒரு கிழவியப் போயி..." என்றாள் பக்கத்து வீட்டு பிர்கிட்டே.

"யாருடி கிழவி?" என்றார் குட்ரூன்.

கார்ஸ்டன் குறுக்கே புகுந்தார். "நீங்களே சொல்லுங்க குட்ரூன். இந்தாளு இருக்கணுமா, போகணுமா?"

குட்ரூன் பன்னை மென்று முடித்தார். "பேக்கரி வாசல்ல பசங்க என்னைப் பார்த்துச் சிரிப்பானுங்க. வெளிய போறதையே விட்டிருந்தேன். இப்ப என்னை எவன் பார்க்கறான்? இந்தாளைப் பார்த்துச் சிரிக்கவே நேரம் பத்தல. இருந்துட்டுப் போகட்டும்."

கார்ஸ்டனுக்கு மனசு ஆறவில்லை. "படம் எப்ப முடியும்?"

"நாள் பூரா வேலை செஞ்சா அஞ்சு விநாடி படம் வரும்."

"அப்படின்னா?"

"வாத்து பேக்கரி போய்ச் சேர ரெண்டு வருஷம் ஆகும்."

"சரி. படம் வரட்டும். அந்த வாத்து குட்ரூனைக் கேலி பண்ற மாதிரி இருந்துச்சு, மறுநாளே பெட்டியைக் கட்டணும்."

தோர்பென் இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டார். "சரி."

இரண்டு வருஷம். மழை, பனி, வழுக்கல், எதற்கும் நிற்கவில்லை ஊர்வலம். குட்ரூனுக்கு நடை நிமிர்ந்துவிட்டது. தோர்பெனுக்கு நிமிரவில்லை. பழகிவிட்டது.

படம் டிவியில் தினம் ஒரு பகுதியாக வந்தது. கார்ஸ்டன் பேத்தி சிக்னேயோடு உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கொண்டு, நீதிபதி மாதிரி. முதல் நாள் வாத்து வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடைசிப் பகுதியும் முடிந்து பெயர்கள் ஓடின. தோர்பென் பெயரும் ஓடியது.

"வாத்து எங்க?"

"எந்த வாத்து?"

"அதான், சாஞ்சு சாஞ்சு நடக்குமே!"

சிக்னே தாத்தாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கதை பூரா கடலுக்கு அடியில. அங்க யாரு நடப்பா? மீனுக்கு ஏது தாத்தா காலு?"