எதிர் நாற்காலிக்கு ஒரு விண்ணப்பம்

சாப்பாட்டு மேசையில் நாங்கள் நான்கு பேர்.

கதவோரம் நான். எனக்கு வலப்புறம் மனைவி, தண்ணீர்க் கூஜாவைத் தன் காவலில் வைத்துக்கொண்டு. இடப்புறம் மகள், வயிறு இடிக்காமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு. நேர் எதிரே மாப்பிள்ளை. அவர் தலைக்கு மேலே சுவரில், பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டி.

அந்தப் பெட்டியை நான் பார்ப்பதில்லை. பார்த்தால் கேட்பதுபோல் ஆகிவிடும்.

மகளின் பிரசவத்துக்காகக் கடல் தாண்டிக் கிளம்பும்போதே மச்சானிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்: மாப்பிள்ளை வீட்டில் ஒரு குண்டூசிகூடக் கேட்டு வாங்க மாட்டேன். மச்சான் கொட்டாவி விட்டான். நான் அதைச் சபதமாக எடுத்துக்கொண்டேன்.

எனக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எந்த வண்டி எதில் மோதியது, யார் பார்க்காமல் வந்தது என்று கோப்பைப் படித்து ஆராய்ந்து சொல்ல வேண்டும். எங்கே இருந்தும் செய்யலாம், ஆனால் கூட்டத்தின்போது இணைப்பு அறுந்துபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பிவைத்தார்கள்.

ஆகவே முறைப்படி ஆராய்ந்தேன். தாளில் கோடு போட்டு, விலை, வேகம், வசதி என்று கட்டம் கட்டினேன்.

ஊர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். குடும்பக் குழுவில் உறவினர்கள் அனுப்பிய காலை வணக்கப் பூக்களே அதை முதல் நாளில் தின்று தீர்த்துவிட்டன.

விமான நிலையத்தில் சிம் விற்றார்கள். வெளியே மலிவாகக் கிடைக்கும் என்று நிமிர்ந்த நடையோடு கடந்து வந்தேன். வெளியே மலிவுதான். ஆனால் தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றார் கடைக்காரர். வீட்டுக்காரர் என்றால் மாப்பிள்ளை. கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன்.

அட்டையே இல்லாத இ-சிம் என்று ஒன்று. என் போனுக்கு அந்த ஞானம் கிடையாது.

கடைசியில் உள்ளங்கை அளவில் ஒரு வைஃபை கருவியை வாடகைக்கு எடுத்தேன். அது குளியலறை ஜன்னலில் வைத்தால் மட்டும் வேலை செய்தது. நானும் அங்கேயே நாற்காலி போட்டுக்கொண்டேன். பின்னால் தெரிவது என்ன சுவர் என்று மேலாளர் கேட்டபோது, "ஆபீஸ் ரூம் சார்" என்றேன். குழாய் சொட்டியது.

இன்று காலை, ஒரு லாரி விபத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, திறந்த வாயோடு அவர்கள் திரையில் உறைந்துபோனேனாம். பிறகு மேலாளர் போனில் அழைத்தார்.

மேசையில் நான் சோற்றை அளைந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

"என்ன, தட்டுலயே கோடு போடுறீங்க?" என்றாள் மனைவி.

சொல்லிவிட்டேன். நாளைய கூட்டத்திலும் இணைப்பு அறுந்தால், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்து வேலையைப் பார்க்கும்படி உத்தரவு.

மகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப குழந்தை பொறக்கும்போது நீங்க இருக்க மாட்டீங்களாப்பா?"

மனைவிதான் பேசினாள்.

"ஏன், இங்க நல்லாத்தானே வருது? மத்தியானம் பூரா நான் சீரியல் பாக்கல?"

வந்த நாளிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊரிலேயே போனில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"உனக்கு யார் பாஸ்வேர்டு குடுத்தா?"

"அது எதுவும் கேக்கலையே. தொட்டேன், வந்துது."

மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க வந்து இறங்குன அன்னிக்கே அவர் பாஸ்வேர்டை எடுத்துட்டாருப்பா. மாமா வாயைத் திறந்து கேக்க மாட்டாரு, சும்மா தொட்டா கிடைக்கட்டும்னு. நீங்க தொடவே இல்ல."

போனை எடுத்துப் பார்த்தேன். அக்கம்பக்கத்து இணைப்புகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் குட்டிப் பூட்டு. எல்லாவற்றுக்கும் மேலே நின்றதில் மட்டும் பூட்டு இல்லை.

யார் பார்க்காமல் வந்து மோதியது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மாப்பிள்ளை தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். நான் கை கழுவிவிட்டுத் தாளும் பேனாவும் உறையும் எடுத்துக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் பள்ளியில் விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். வாயால் கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அனுப்புநர்: கதவோர நாற்காலி.

பெறுநர்: எதிர் நாற்காலி.

பொருள்: பூட்டு இல்லாமை குறித்து.

"மாப்பிள்ளை அவர்களுக்கு, வணக்கம். தங்கள் வீட்டு வைஃபை இத்தனை நாளாகத் திறந்து கிடப்பது இன்றுதான் என் கவனத்திற்கு வந்தது. தெருவில் போகிற எவரும் உள்ளே நுழையலாம். ஆபத்து. தொழில்முறையில் சொல்கிறேன். ஆகவே இன்றே பாஸ்வேர்டு போட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். போட்ட பிறகு அது என்னவென்று நானே தங்களிடம் வந்து கேட்கிறேன்."

ஒருமுறை படித்துப் பார்த்தேன். 'நானே' என்பதற்கு அடிக்கோடு போட்டேன். நாலாக மடித்து உறையில் இட்டு, விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டி, மனைவியிடம் நீட்டினேன்.

"ஸ்டாம்பு ஒட்டலையே" என்று சொல்லிவிட்டு, கூஜாவை நகர்த்தி, உறையை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டாள்.